கேப்டன் ஆதிரைக்கும் ஒரு பேர்

போன ஞாயிற்றுக்கிழமை. தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஒரு மெசேஜ்.

“அக்கா, இந்த வாரம் கேப்டன உள்ள எடுத்துருவமா?”

எண்ணெய்க் கையோடு பதில் தட்டினேன். “அதற்குள் என்ன அவசரம்?”

கேப்டன் இரண்டு வருஷமாக விண்கலத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறாள். அவளை உள்ளே எடுக்க என்ன அவசரம் என்று கேட்கிற ஒரே ஜென்மம் நானாகத்தான் இருக்கும்.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்கிறீர்களா? இருங்கள், சொல்கிறேன்.

‘ஏழாம் சுற்று’ என்று ஒரு விண்வெளித் தொடர், சனிக்கிழமை மாலைகளில் டிவியில் வந்தது. வேற்று மொழித் தொடர்தான். தமிழில் குரல் கொடுத்து, கேப்டனுக்கு ஆதிரை என்று பெயரும் வைத்திருந்தார்கள். பழுதான விண்கலம், அதில் ஐந்து பேர், பூமிக்குத் திரும்ப வழி தேடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை கேப்டன் ஆதிரை ரிப்பேர் பார்க்க வெளியே போனாள். வேலை முடிந்து திரும்பி வந்து கதவில் கை வைத்தாள். கதவு திறக்கவில்லை. ‘தொடரும்’ என்று போட்டார்கள்.

எங்கே தொடர்ந்தது? அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் ஒரு அம்மாள் பாகற்காய்க்குள் மசாலா அடைத்துக்கொண்டிருந்தார். பார்ப்பவர்கள் குறைவாம், செலவு அதிகமாம்... தயாரித்தவர்களே நிறுத்திவிட்டார்களாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இலங்கை மலையகத்துப் பதுளையில் ஒரு கடையின் மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கிற, ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருத்திக்குச் சனிக்கிழமை மாலை என்பது சின்ன விஷயமா? கீழே குடைக்கடை ரிஸ்வான் நானா – முஸ்லிம் அண்ணன்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கும் எனக்கும் இத்தனை வருஷப் பேச்சு, “மழை வரும் போல”, “ஆமாம், வரும் போல” – அவ்வளவுதான். குடை விற்கிறவரிடம் வேறு என்ன பேசுவது?

அப்போதுதான் பேஸ்புக்கில் அந்தக் குரூப் கண்ணில் பட்டது. என்னைப் போலவே நடுவானில் விடப்பட்ட ரசிகர்கள், தாங்களே மிச்சக் கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். பூமியிலிருந்து விண்கலத்தோடு ரேடியோவில் பேசுகிற ஆளின் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். குரூப்பில் என் பெயரே ‘தரை நிலையம்’ ஆகிவிட்டது.

விண்கலத்துக்குள் நடப்பதை எழுதியவள் மாலதி. தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வீடு, பண்டாரவளையில் துணிக்கடை வேலை, முப்பது வயது. அவள் எழுதிய விண்கலம் டிவியில் பார்த்த விண்கலம் இல்லை. ஐந்து பேருக்கும் வரிசையாக அறைகள். ஒரு அறையில் இருமினால் நாலு அறைக்குக் கேட்கும். சாட்சாத் தோட்டத் தொழிலாளர்களின் லயம்!

அதைவிட வேடிக்கை, காலையில் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து அனுப்புவார்களே, அதேதான். துணைக் கேப்டன் மாறன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். வெளியே தொங்குகிற கேப்டன் பெயரையும் கூப்பிடுவான். பதில் வராது. ஆனாலும் அவளுக்கும் அன்றைக்குப் பேர் போட்டுவிடுவான் – அதாவது, வேலைக்கு வந்ததாகப் பதிந்துவிடுவான்.

சென்னையிலிருந்து எழுதும் ஒருவர் நக்கலடித்தார். “விண்வெளியில் பெரட்டா? அங்கே என்ன கொழுந்து பறிக்கப் போகிறார்களா? வராத ஆளுக்கு எப்படிம்மா பதிவு?”

மாலதியின் பதில் இன்னும் எனக்கு மனப்பாடம். “வெளிய தொங்கிக்கிட்டு இருக்கிறவளும் வேலையிலதானங்க இருக்கா? பேர் போடாட்டி அவள மறந்துட்டோம்னு ஆயிருமே?”

மனுஷர் ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நாளில் குரூப்புக்கே வரவில்லை. புதுத் தொடர்கள் வந்தன, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வியாழக்கிழமை மாலை அவள் பகுதி வரும். ஞாயிற்றுக்கிழமை என் பகுதி போகும்.

இங்கேதான் என் திருவிளையாடல். மாலதி ஒவ்வொரு முறையும் கேப்டனைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விடுவாள். நான் ஒரு விண்கல் மழையைக் கிளப்புவேன். அடுத்த தடவை சூரியப் புயல். அதற்கடுத்த தடவை கதவின் ரகசிய எண் மாறிப்போகும். கேப்டன் உள்ளே வந்துவிட்டால் கதை முடிந்துவிடுமே! கதை முடிந்தால் வியாழக்கிழமை எனக்கு யார் எழுதுவார்கள்? வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கென்று ஒருத்தி ஏதோ ஒன்றைச் சொல்லக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் பதிலைப் பார்த்துவிட்டு மாலதி கேட்டாள். “அக்கா, ஒருதடவ நேர்ல வரமுடியுமா? தெமோதரை ஸ்டேஷனுக்கு?”

செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினேன். பதுளையிலிருந்து போனால் அந்த ரயில் ஒரு வேலை செய்யும், தெரியுமா? ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதற்கப்புறம்தான் ஸ்டேஷனில் போய் நிற்கும். கேப்டனை நான் படுத்திய பாடு நினைவுக்கு வந்து எனக்கே சிரிப்பாக இருந்தது.

பக்கத்து எல்ல ஊரிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள் தண்டவாளத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் மெலிந்த ஒரு பெண், மடியில் பிளாஸ்க்.

“அக்காவா?”

“மாலதியா?”

அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அண்டசராசரத்தையே அலசிய இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. “மழ வரும் போலக்கா” என்றாள். “ஆமாம், வரும் போல” என்றேன்.

பிளாஸ்க்கிலிருந்து பிளேன்டி, அதாவது பால் சேர்க்காத தேநீர், ஊற்றிக் கொடுத்தாள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பொட்டலத்தில் இருந்தன. நான் ஒரு வாய் வைத்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“இந்த மாசக் கடைசியில வெளிநாடு போறேன்க்கா. வீட்டு வேலைக்கு.”

கையிலிருந்த ரொட்டியைப் பொட்டலத்திலேயே வைத்தேன். “அங்கிருந்து எழுதலாமே...”

“அந்த வீட்டுல போன் எப்ப கையில குடுப்பாங்கன்னு தெரியாதுக்கா. அதான் கேட்டேன். நான் போயிட்டா நீங்க கேப்டன வெளியவே வச்சிருவீங்க.”

“நானா?”

“பின்ன? நான் கதவத் தொறக்குறப்பல்லாம் கல்ல விட்டு எறியிறது யாரு?”

தெரிந்துதான் இருந்திருக்கிறது! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வெளிய போன ஒருத்தி நல்லபடியா திரும்பி வந்து சேந்தத பாத்துட்டுப் போகணும்க்கா. கதையிலயாவது.”

போகாதே என்று சொல்ல நான் யார்? எழுதிக்கொண்டே இரு என்று கேட்க எனக்கு என்ன உரிமை? திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். எதிரே இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். கல் இல்லை, புயல் இல்லை. தரை நிலையம் சரியான எண்ணைச் சொல்கிறது, கதவு திறக்கிறது, கேப்டன் ஆதிரை உள்ளே வருகிறாள். நாலே வரி. இரண்டு வருஷம் இழுத்ததை முடிக்க எனக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அனுப்பிவிட்டு, வீடு ஓவென்று இருந்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை மாலை, வழக்கம்போல மாலதியின் பகுதி வந்தது. அவளுடைய கடைசிப் பகுதி.

காலைப் பெரட்டு. மாறன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறான். “கேப்டன் ஆதிரை!” “இருக்கேன்!” எல்லோரும் கை தட்டுகிறார்கள். மாறன் முடித்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறான். கேப்டன் தடுக்கிறாள்.

“இருங்க, இன்னொரு பேரு பாக்கி இருக்கு. கீழ தரை நிலையத்துல ஒருத்தங்க தனியா இருந்து நம்மகூடப் பேசிக்கிட்டே இருந்தாங்கல்ல? அவங்களும் வேலையிலதான இருந்தாங்க? கூப்பிடுங்க.”

மாறன் கூப்பிடுகிறான். “தரை நிலையம்!”

அதோடு முடித்துவிட்டாள். பதில் எழுதவில்லை. அந்த இடத்தை எனக்கு விட்டுவைத்திருந்தாள்.

எழுதத் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் எழுந்து நின்று, தொண்டை கிழிய “இருக்கேன்!” என்றேன்.

எங்கள் மாடி பலகைத் தரை. கீழே குடைக்கடையிலிருந்து ரிஸ்வான் நானாவின் குரல் வந்தது.

“இருக்கீங்கண்டு தெரியும் தங்கச்சி... பிளேன்டி ஒண்டு அனுப்பவா?”