ஊறல் ஜாடி

மதினியின் ஜாடி இப்போது என் சமையலறை மேடையில் இருக்கிறது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஊறுகாய் போடுகிற சாதாரணப் பீங்கான் ஜாடிதான். கழுத்திலிருந்து மூன்று கீறல்கள் இறங்குகின்றன. ஒன்று உட்புறமும் தெரிவதால் இனி அதில் எதையும் ஊற்றி வைக்க முடியாது. போன ஆடியில் மதினி இறந்ததும் வீட்டைக் காலி செய்ய வந்த அண்ணன் மகள், மற்ற சாமான்களையெல்லாம் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு இதை மட்டும் என் கையில் திணித்தாள். "இது எனக்கு வேணாம் சித்தப்பா. என் கண்ணுல படாம எங்கயாச்சும் வைங்க." நான் தூக்கிப் போடவில்லை. என் வயதில் ஒரு பொருளைத் தூக்கிப் போடவும் துணிவு வேண்டியிருக்கிறது.

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. திண்டுக்கல்லில் நூல் மில் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். நூல் சுற்றும் பாபின்களை எண்ணி எண்ணி, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஜன்னல் கம்பிகள் பதினொன்று. மாத்திரைகள் காலையில் ஐந்து, இரவில் நான்கு. கேஸ் அடுப்பை மூடினேனா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பேன். நான் கிண்ணத்து உலர்திராட்சையை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் மதினி விடமாட்டாள். "எண்ணுங்க தம்பி, எண்ணுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துருவோம்" என்பாள்.

அந்தத் திராட்சை அவள் செய்யும் ரொட்டிப் புட்டிங்குக்கானது. கல்யாணத்துக்கு முன் மலைமேல் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தபோது அதைக் கற்றுக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் ஜாடியில் உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் கொஞ்சம் வெல்லமும் போட்டு, மூழ்கும்வரை பிராந்தி ஊற்றி, மூடியை இறுக்கித் துணியால் கட்டி வைப்பாள். கிறிஸ்துமஸ் வரை அது ஊறும். பண்டிகையன்று வெண்ணெய் தடவிய பதினாறு ரொட்டித் துண்டுகளைத் தட்டில் அடுக்கி, முட்டையையும் பாலையும் அடித்து ஊற்றி, ஊறிய திராட்சையை இடையிடையே செருகுவாள். வீட்டில் ஓவன் கிடையாது. பெரிய குண்டானில் மணல் பரப்பி, தட்டை உள்ளே இறக்கி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போடுவாள். மூடியைத் தூக்கும்போது ஆரஞ்சும் பிராந்தியும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். நாங்கள் சூடாகவே தின்போம். பிராந்தி என்ற சொல்லை மட்டும் அவள் வாயால் சொன்னதில்லை. 'மருந்து' என்பாள். சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் தடவியதும் அதுதான் என்பதால், அந்தப் பெயரில் யாருக்கும் குறை தெரியவில்லை.

என் அண்ணனும் அதை மருந்து என்றுதான் சொன்னான். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றும் வேன் ஓட்டினான். "உடம்பு வலிக்கு மருந்து அப்பு, வேறென்ன" என்பான். ஒரு கோடையில் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி தொட்டால் பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார். எழுந்து வந்தவன் அந்தோணியார் திருநாளில் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டான். அடுத்த திருநாள் வரை குடிப்பதில்லை என்று பொருள். ஒரு சொட்டு உள்ளே போனாலும் கயிறு செத்துவிடும், செத்த கயிற்றைக் கையில் வைத்திருப்பது பாவம் என்று ஒரு விதியும் உண்டு. பங்குச் சாமியார் சொன்ன விதி அல்ல அது. கயிறு கட்டிய குடிகாரர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டது. ஆனால் என் அண்ணன் அதைச் சாமியார் சொன்னதைவிடப் பெரிதாக நம்பினான். நம்பியதால்தான் அத்தனை மாதம் தாங்கினான். மதினி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததை அந்த மாதங்களில்தான் கேட்டேன்.

அந்த வருஷத்துத் திருவருகை முதல் ஞாயிறு நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வத்தலக்குண்டிலிருந்து அண்ணன் கமலா ஆரஞ்சு கொண்டுவந்திருந்தான், எண்ணினேன், நாற்பத்திரண்டு. மதினி அவற்றைப் பிழிந்து, பிராந்திக்குப் பதில் சாற்றை ஜாடியில் ஊற்றினாள். வெறும் சாறு சப்பென்றிருக்கும் என்று வெல்லத்தை இரட்டிப்பாகப் போட்டாள்.

"இந்தத் தடவ மருந்து இல்ல தம்பி. நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கு எவனாச்சும் கேட்டா நீங்கதான் சாட்சி."

பண்டிகைக்கு முந்தின நாள் கட்டைப் பிரித்தபோது பழைய வாசம் வந்தது. எனக்கே மூக்கில் ஏறியது. மதினி சிரித்தாள். "இம்புட்டு வருஷமாக் குடிச்ச ஜாடி தம்பி. கழுவுனா போயிருமா? ஒங்க அண்ணன் மேலயும் இன்னும் அந்த வாசம் அடிக்கத்தான செய்யிது."

கிறிஸ்துமஸ் மதியம் புட்டிங் ஆவி பறக்க வந்தது. முதல் கரண்டியை அண்ணனுக்குத்தான் போட்டாள். ஏழாம் வகுப்புப் படித்த மகள் தன் முறைக்காகக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு வாய் தின்றான். பின்பு கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஏத்தா, மருந்து போட்டிருக்கியே."

"போடல. அது ஜாடி வாசம்."

"வாசம் மூக்குக்குத்தான் தெரியும். இது தொண்டையில எறங்குதே."

"அண்ணே, நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன். "வெறும் சாறுதான் ஊத்துனாங்க."

"ஏலே, நீ அவ கையில சோறு திங்கிறவன். வேற எப்படிச் சொல்லுவ?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கிண்ணத்தில் இருந்ததை நிதானமாகத் தின்று முடித்தான். மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தான். கயிற்றைக் கிண்ணத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "செத்தது செத்துப்போச்சு" என்று சொல்லி வெளியே போனான். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான்.

அடுத்த அந்தோணியார் திருநாளை அவன் பார்க்கவில்லை. கோயில் கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த அன்று மகள் தன் தாயிடம் கேட்டாள்: "நீ எதுக்கு ஊத்துன?" மதினி, ஊத்தலடி, ஊத்தலடி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைச் சாகும்வரை சொன்னாள். கேட்பவர்கள் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டியவன்தான். ஊற்றியதைப் பார்க்கவில்லை என்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? மகள் வேலைக்குப் போய், கல்யாணமாகி, கோயம்புத்தூரில் தங்கிவிட்டாள். பண்டிகைக்குச் சேலை அனுப்புவாள், வரமாட்டாள். மதினி அந்தச் சேலைகளை உடுத்தாமல் அடுக்கி வைத்தாள். அதன் பிறகு அவள் புட்டிங் செய்யவே இல்லை.

இந்த வருஷம் நானே செய்து பார்த்தேன். சாவதற்குள் அந்த ருசி ஒருமுறை வேண்டும் என்று தோன்றியது. பிராந்தி வாங்க மனம் வரவில்லை. மதினி அன்று செய்தபடியே சாறு, தோல், திராட்சை, இரட்டிப்பு வெல்லம். ஜாடியில் கீறல் இருந்ததால் பேக்கரிக்குப் போன வழியில் ஒரு புதுக் கண்ணாடி பாட்டில் வாங்கி அதில் போட்டு, அதே முதல் ஞாயிறன்று மூடி வைத்தேன்.

இன்று காலை மூடியைத் திருகியபோது அது கையை விட்டுத் துள்ளியது. நுரை பொங்கி மேடையில் வழிந்தது. வாசம் வந்தது, அதே வாசம். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். தொண்டையில் இறங்கியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பேப்பரில் மாவட்டச் செய்தியில் எத்தனை தடவை படித்திருப்பேன்: ஓடைக்கரையில் வெல்லமும் பழமும் போட்டுப் புதைத்து வைத்த சாராய ஊறலைப் போலீஸ் கொட்டி அழித்தது என்று. 'ஊறப் போட்டிருக்கேன்' என்று மதினி வருஷா வருஷம் சொன்னாள். நாங்களும் வருஷா வருஷம் கேட்டோம். பிராந்தியில் கெடாமல் கிடந்தது சாற்றில் சும்மா கிடக்காது, தானே புளித்துச் சாராயமாகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஈஸ்ட் போடாமல் ஒயின் ஆகாது என்று எங்கள் தெருவே நம்பியது. வாசத்துக்கு ஜாடியைக் காரணம் சொல்லிவிட்டோம். அவள் ஊற்றவில்லை. அவன் நாக்கும் பொய் சொல்லவில்லை.

அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன்.

"ஹேப்பி கிறிஸ்மஸ் சித்தப்பா. மாத்திர போட்டீங்களா?"

முதலிலிருந்து சொன்னேன். பாட்டில், நுரை, வாசம் எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"அப்ப அப்பா சொன்னது நெசந்தான? அதுல இருந்துருக்கு."

"இருந்துச்சும்மா. ஆனா ஒங்கம்மா ஊத்தல. அதத்தான் சொல்றேன். அவங்க சொன்னதும் நெசம்."

மூன்றாவது விசில் வந்தது. அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மாட்ட நான் கடைசியாப் பேசுனது, கேஸ் புக் பண்ணவான்னு கேட்டதுதான் சித்தப்பா. இப்ப வந்து இதச் சொன்னா, இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்யிறது?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

காலையிலேயே தட்டில் அடுக்கி வைத்திருந்த ரொட்டியை வீணாக்க மனமில்லாமல் புட்டிங்கை வேகவைத்தேன். குக்கருக்குள் மணல் பரப்பி, விசில் போடாமல். நன்றாகத்தான் வந்தது. பதினாறு துண்டு. தின்பதற்கு ஒரு ஆள். அந்த ஆளுக்கும் சர்க்கரை வியாதி. அது மேடையில் ஆறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஜாடி. எடுத்து, அதன் வாய்க்குள் மூக்கை வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். அதில் ஒரு வாசமும் இல்லை.