பம்பு நின்றால் நனையும் வீடு

1983 மார்ச் 7: மனை, 4,200.
1984 ஜூன் 19: வீடு, 31,650.
1984 ஜூலை 2: நிலவறை, கூடுதலாக 5,875.
2011 டிசம்பர் முதல்: தபால்தலைகள், 96.

மனை அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அது ஒரு காலத்தில் சதுப்பு நிலம். பக்கத்தில் எண்ணெய்ப் பாறைச் சுரங்கம் வந்தது. சூடாக்கினால் எண்ணெய் கக்கும் அந்தப் பாறையை வெட்ட, முதலில் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளியாக வேண்டும். இரவு பகலாக இறைத்ததில் சுரங்கத்தோடு சுற்றுவட்டாரமே உலர்ந்தது. இறைத்தவர்களில், மேலே உள்ள செலவுக் கணக்கை எழுதிவைத்த நம் பம்புக்காரரும் ஒருவர். தன் கையால் காயவைத்த மண்ணைத் தானே காசு கொடுத்து வாங்கினார்.

மனையைப் பார்க்க வந்த அன்றே மனைவியின் தம்பி வாயைத் திறந்தான்.

"மாமா, பம்பு நின்னா என்ன ஆகும்?"

"நான் நிறுத்தினாத்தானேடா நிக்கும்!"

அந்தத் தைரியத்தில்தான் தெருவில் யாருக்கும் இல்லாத நிலவறையைக் கட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரக்கூட விடமாட்டார். நேரே கீழே கூட்டிப்போய்ச் சுவரைத் தொடச் சொல்வார். "ஈரம் இருக்கா? சொல்லுங்க, இருக்கா?" சம்பந்தம் பேச வந்தவர்களும் சுவரைத் தடவிவிட்டுத்தான் பெண்ணைப் பார்த்தார்கள்.

அவர் ஓய்வு பெற்ற சில வருடங்களில் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் ஒவ்வொன்றாக நின்றன. தண்ணீருக்கு அவசரமே இல்லை. முதலில் வாடை வந்தது, பிறகு மூலையில் கறை, பிறகு கணுக்கால் அளவு.

மனைவி படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா துரத்துனீங்க. பாவம், விலாசம் விசாரிச்சு வந்திருக்கு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அஸ்திவாரம் ஊறினால் வீடு நிற்காது. வேறு கூரை கிடையாது. தெருமுனையில் இருக்கும் ஒரு பம்பையாவது ஓட விடுங்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். கடைசியில் ஒரு பொறியாளர் வந்து, நிலவறைப் படியில் நின்றார்.

"நீங்களே பம்பு ஓட்டினவர். இது சதுப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் சார் வாங்கினேன்."

பொறியாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தண்ணீரின் ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், கீழே வாளியும் கையுமாக அவர்; மேலே கிண்டலும் கவலையுமாக மனைவி. கடைசியில் பதில் வந்தது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவரிடமிருந்து வாங்கி மனைவியே வாசித்தாள். தெருமுனைப் பம்பு ஓடலாம். மின்சாரக் கட்டணம் தெருக்காரர்களுடையது. ஓட்ட வேண்டியவர் இவர். சம்பளம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் குறிப்பிடப்படவில்லை.

"வேலை கிடைச்சிருக்கு, எந்திரிங்க," என்றாள்.

அவர் அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பதில் கடிதம் வந்தது 2012 ஆகஸ்ட் 14.