மழை கேட்காத கை

மழை வேண்டாம் என்று அல்லாஹ்விடம் கேட்ட ஒரே ஆள் எங்கள் ஊரில் நானாகத்தான் இருப்பேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதையும் வீட்டுக்குள் ஒளிந்திருந்து கேட்கவில்லை. ஊரே கூடி மழைக்காகத் தொழுத பாடசாலை மைதானத்தில், வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

எல்லாம் மாமாவால் வந்தது. உம்மாவின் தம்பியான மாமா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். வறட்சியில் சூரியகாந்தி எப்படி விளைகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய கடைசி வருட ஆய்வு. கண்டியில் வறட்சிக்கு எங்கே போவது? மாதத்தில் பாதி நாள் குடையோடு திரிகிற ஊர் இது. ஆகவே முதல் தடவை அவர் பொலித்தீன் கூரை போட்டு, மழையைத் தடுத்து, அதற்குள் செடிகளை வாடவிட்டார். பயிரைக் காய வைப்பதற்கும் ஒரு படிப்பா என்று வாப்பா கேலி செய்தார். பூக்கிற நேரம் பார்த்து அடித்த காற்று கூரையைக் கிழித்துக்கொண்டு போக, மழை உள்ளே இறங்கி எல்லாம் பாழாயிற்று. இன்னும் ஒரு போகம்தான் தரலாம், அதிலும் தவறினால் பட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமா இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. கேலி செய்த வாப்பாதான், வீட்டுக்கு மேலே மேட்டில் இருந்த போஞ்சிக்காய்த் தோட்டத்தில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் போஞ்சியை நம்பித்தான்.

அந்த வருடம் கூரையே தேவைப்படவில்லை. மழை தானாகவே நின்றுவிட்டது. மகாவலியில் கல் தெரிந்தது. ஊருக்குள் பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்துப் புலம்பும்போது மாமாவின் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு இருந்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டார் என்பதும் எனக்குத் தெரியும். யாராவது வந்தால் அவரும் சேர்ந்து பெருமூச்சு விடுவார்.

ஆனால் எல்லாச் செடியையும் காயவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பாதி வரிசைகளுக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். அவற்றுக்கு மாமா நீலக் கயிறு கட்டியிருந்தார். கிழமை நாட்களில் அவர் பேராதனையில் நின்றதால், கிணற்றிலிருந்து இரண்டு கேன்களில் தண்ணீர் சுமந்து மேடேறுவது வாப்பாவின் வேலையாயிற்று. போஞ்சிக்கும் அதே கிணறு, அதே கேன்.

சனி, ஞாயிறுகளில் மாமா வந்து சில செடிகளை அடியோடு வெட்டி, காய வைத்து, தண்டை மட்டும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவார். பூவை விட்டுவிட்டுத் தண்டை நிறுக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் தண்டைப் பிளந்து உள்ளே இருந்த வெள்ளைச் சோற்றைக் காட்டினார்.

"இதுக்குள்ள சீனி ஈக்கி மகள். நல்ல காலத்துல சேத்து வெக்கிற. தண்ணி இல்லாமப் போனா எலைக்கி ஒண்டும் செய்ய ஏலா. அந்த நேரம் தண்டு தன்ட சீனிய எடுத்து வெதைக்கிக் குடுக்கும்."

நான் கடித்துப் பார்த்தேன். புல்லைத் தின்றது மாதிரி இருந்தது. மாமா என்னை ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன்.

பூக்கள் விரிந்து தலை கவிழத் தொடங்கிய நேரம், ஒரு மாலை தேத்தண்ணி குடித்துக்கொண்டு மாமா சொன்னார்:

"மச்சான், இன்னம் மூணு கெழமைக்கு ஒரு சொட்டும் விழாம ஈந்தாப் போதும். நான் தப்பிச்சிருவேன். போஞ்சிக்குத் தண்ணி காணுமா?"

"அதெல்லாம் ஊத்துற தானே. நீ ஒன்ட வேலயப் பாரு" என்றார் வாப்பா.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாளைக் காலையில் மழைத் தொழுகை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாவம் அறியாத பிள்ளைகளின் துஆவுக்கு உடனே பதில் கிடைக்கும் என்றார்கள். நான் கேட்டால் மழை வந்துவிடும். மழை வந்தால் மாமாவுக்குப் பட்டம் இல்லை.

மைதானத்தில் புல் கருகிப்போயிருந்தது. எல்லோரும் பழைய உடுப்பில் வந்திருந்தார்கள். தொழுகை முடிந்து மௌலவி தம் சால்வையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு கைகளை ஏந்தினார், வழக்கம் போல உள்ளங்கை வானத்தைப் பார்க்க அல்ல. புறங்கை வானத்தைப் பார்க்க. மழை கேட்பதற்கு அப்படித்தான் என்று வாப்பா என் காதில் சொன்னார். என் கைகளைப் பிடித்து அவரே திருப்பியும் வைத்தார்.

அவர் கண்ணை மூடும் வரை காத்திருந்தேன். பிறகு என் கைகளை மெதுவாக மறுபடி திருப்பி, உள்ளங்கையை மேலே காட்டினேன். ஊரே ஒரு பக்கம் கேட்க, அதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறேன் என்று அல்லாஹ்வுக்கு விளங்க வேண்டுமல்லவா? மாமாவின் பூ முற்றும் வரை மழை வேண்டாம் என்று கேட்டேன். சுற்றிலும் ஆமீன், ஆமீன் என்று பெரியவர்கள் அழுதார்கள். வாப்பா கண்டுவிட்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கண்ணை மூடியபடியே அழுதுகொண்டிருந்தார். கைகள் சாரத்தின் மேல், மடியில் கிடந்தன. கை வலித்து இறக்கிவிட்டார் போலும், நல்லவேளை, என்னைக் கவனிக்கவில்லை என்று நிம்மதிப்பட்டேன்.

மழை வரவில்லை. என் துஆ இவ்வளவு சுத்தமாகப் பலிக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. போஞ்சிக் கொடிகள் கம்பிலேயே காய்ந்து, தொட்டால் நொறுங்கின. மாமாவின் சூரியகாந்தி முற்றியது. நீலக் கயிறு கட்டாத வரிசைகளில் தலைகள் சிறியவைதான், விளைச்சலும் குறைவுதான். ஆனால் விதைகள் பொக்காகவில்லை. அந்தத் தண்டுகளைத் தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. மாமா அதை நிறுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். அடுத்த கிழமையே மழை பிடித்தது. வெறும் போஞ்சிக் கம்புகள் மேல் நாள் முழுக்கப் பெய்தது.

மாமா பட்டம் வாங்கினார். வாப்பா கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவர் ஒன்பது வருடம் கழித்து வந்தார். ஒவ்வொரு பெருநாளைக்கும் போன் திரையில் அவர் முகம் இன்னும் கொஞ்சம் ஒட்டிப்போயிருக்கும். அவரை அங்கே அனுப்பியது என் கைதான் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் ஒரு வருடம் கூட எங்களோடு இருக்காமல் இறந்துபோனார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது இன்றைக்கும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

போன வருடம்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் இப்போது விவசாயத் திணைக்களத்தில் உத்தியோகத்தர், தலை நரைத்துவிட்டது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் சாய்ந்து, கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெணத்துல ரெண்டுக்கும் தண்ணி ஈக்கல்ல மகள். போஞ்சிக்கு ஊத்துறத மச்சான் தொழுகைக்கு ரெண்டு கெழமைக்கு முந்தியே நிப்பாட்டிட்டார். நீலக் கயித்துக்கு மட்டும்தான் ஊத்தின. நான் வந்த ஒரு நாள் போஞ்சிப் பாத்தியத் தொட்டுப் பாத்தேன். கல்லு மாதிரி காஞ்சி ஈந்திச்சி."

"நீங்க கேக்கல்லயா மாமா?"

"கேக்கல்ல. கேட்டா நீலக் கயித்துக்கு ஊத்த வேணாமெண்டு சொல்லோணுமே."

அன்று மைதானத்தில் போஞ்சிக்காக மழையைக் கேட்கவும் முடியாமல், மாமாவுக்காக வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் ஒருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்குக் கை வலித்தது என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.