எடது பக்கத்துக் கிட்னி

ஸ்கேன் ரூமுக்கு வெளியில நின்னுக்கினு இருந்த என்னைக் கூப்பிட்டு அந்தப் பொண்ணு கேட்டா: "உங்க வூட்டுக்காரருக்கு முன்னாடி எப்பனா கிட்னி எடுத்திருக்காங்களாம்மா? எடது பக்கம் காணோம்." காணோமாம்! காணாமப் போறதுக்கு அது இன்னா கொலுசா?

நானும் அவரும் மரக்காணம் உப்பளத்துல கூலிக்குப் போறவங்க. அவரு பாத்தியில உப்பு வாருவாரு, நான் கூடையில சுமந்து குமிப்பேன். ஒருநாள் வலது இடுப்புல வலின்னு வரப்பு மேலயே சுருண்டு உக்காந்துட்டாரு. அதுக்குத்தான் பாண்டிக்குக் கூட்டிக்கினு போனேன்.

பஸ்ஸுல திரும்பி வரும்போது பழசெல்லாம் ஞாபகம் வந்துச்சு. கல்யாணமான புதுசு, மழைக்கு உப்பளம் மூடிட்டாங்கன்னு மெட்ராஸுக்கு வேலைக்குப் போனாரு. குடல்வால் ஆபரேஷன்னு அடிவயித்துல தையலோட திரும்பி வந்தாரு. நான் அப்போ மாசமா இருந்தேன், போய்ப் பார்க்கல. உள்ள இன்னா எடுத்தாங்கன்னு யாரு கண்டா?

"யோவ், கிட்னிய யாருக்குக் குடுத்தே?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. "உனக்கு இன்னா பைத்தியமாடி?"ன்னாரு. எனக்கு ஒரு முழம் பூ வாங்கக் கை வராத மனுஷன், கிட்னியவே தூக்கிக் குடுத்திருந்தா அவ எப்பேர்ப்பட்டவளா இருப்பா! வயிறு பத்திக்கினு எரிஞ்சுது.

வூட்டுக்கு வந்தும் விடல. தையல் முன்னாடி, அதுவும் வலது பக்கம். காணாமப் போனதோ எடது. கறிக்கடையில பார்க்காததா? ஆட்டுக்கு கிட்னி முதுகெலும்ப ஒட்டி, கொழுப்புக்குள்ள கெடக்கும். மனுஷனுக்கு மட்டும் மூக்குலயா இருக்கும்? அப்போ முதுகுப் பக்கம் வெட்டியிருக்கணும்.

"வாய்யா, முதுகு தேய்ச்சு விடுறேன்"னேன். அவருக்கு ஒரே குஷி. கடைசி விலா எலும்புல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் ஒரு எடம் விடாம தடவினேன். வெயில்ல கருத்த தோலு, பழைய சிரங்குத் தழும்பு, அவ்வளவுதான். இப்பெல்லாம் ஓட்டை போட்டே எடுத்துடறாங்களாமேன்னு அடுத்த சந்தேகம் வந்துச்சு. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னாங்க?

மறுபடியும் போனப்போ டாக்டரம்மா இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதையும் பார்த்தாங்க. "யாரும் எடுக்கலம்மா. எடுத்திருந்தா வெட்டின அடையாளம் இருக்கும். இவருக்குப் பொறக்கும்போதே ஒண்ணுதான். சில பேருக்கு அப்படித்தான் இருக்கும். ரெண்டு பேரு வேலைய அது ஒண்டியா செஞ்சு செஞ்சு கொஞ்சம் பெருத்திருக்குது"ன்னாங்க.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. சிரிச்சே புட்டேன். அவங்க சிரிக்கல.

"இவரு வலிக்குக் காரணம் கல்லு. அது அந்த ஒண்ணுலதாம்மா இருக்குது. சின்னக் கல்லு, தண்ணி நெறைய குடிச்சா போயிடும். குடிக்காம கல்லு பெருசாகி அடைச்சுக்கிச்சுன்னா மாத்துக்கு வேற கிட்னி இல்ல."

இல்லாததை யாருக்குக் குடுத்தேன்னு சண்டை போட்டுக்கினு இருந்தேனே, இருக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா?

ஒரு சொட்டு நல்ல தண்ணி உப்பளத்துல கெடைக்காது, வூட்டுலேர்ந்துதான் தூக்கிக்கினு போவணும். இவருக்கோ தண்ணி குடிச்சா வயிறு கனத்துப் போயி வேலை ஓடாதாம். இப்போ ரெண்டு பாட்டில் ரொப்பிக் குடுக்கிறேன். நேத்து வரப்பு மேல நின்னுக்கினு காலி பாட்டிலை ஆட்டிக் காட்டி, "குடிச்சிட்டேன் பாரு"ன்னாரு.

நான் குனிஞ்சு வரப்பைப் பார்த்தேன். அவரு காலடியில மட்டும் மண்ணு ஈரமா இருந்துச்சு.

அடப்பாவி! கூடையை எறக்கி வெச்சுட்டு என் பாட்டிலைத் தொறந்து நீட்டினேன். அவரு குடிக்கும்போது தொண்டை ஏறி எறங்குறதையே பார்த்துக்கினு நின்னேன்.

"எம்மேல நம்பிக்கையே இல்லியாடி?"ன்னாரு.

"இல்ல. மிச்சத்தையும் குடி"ன்னேன்.