பூஜ்யம் எழுதிய மூன்று மாதங்கள்

என் வேலை நண்டு எண்ணுவது. சிங்கப்பூரில் இதைச் சொன்னால் கேட்பவர் உடனே மிளகாய் நண்டைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பார். நான் எண்ணுவது தட்டில் வரும் ஜாதி இல்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, பழுப்பு நிறம், காட்டு ஓடையில் மக்கிய இலைகளுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும். கடலைப் பார்த்ததே கிடையாது. தண்ணீர் கெட ஆரம்பித்தால் முதலில் காணாமல் போவது அதுதான் என்பதால், நன்னீரைக் காப்பாற்ற நினைக்கும் எங்களைப் போன்றவர்கள் அதை மாதாமாதம் எண்ணுகிறோம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டும் ஊரில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எங்கள் ஓடையில் பத்து இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரத்தில் ஆரஞ்சு நாடா கட்டி எண் எழுதியிருக்கிறோம். கீழேயிருந்து மேலே போக வேண்டும். மாற்றிப் போனால் நாமே கலக்கிய சேறு நம் கண்ணை மறைக்கும். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் முழங்காலிட்டு இலை இலையாகப் புரட்டிப் பார்த்து, கண்டதை நனையாத தாளில் பென்சிலால் எழுத வேண்டும். பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம். பார்க்கவே இல்லை என்றால் ஒரு கோடு. கோடு போட்டால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். பூஜ்யத்துக்குக் காரணம் கேட்க மாட்டார்கள்.

என் கணவர் மலேசிய எல்லையை ஒட்டிய உட்லண்ட்ஸில் ஜோகூர் பேருந்துக்கு வரிசையில் நின்றபோது இறந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். எனக்குத் தகவல் வந்தபோது கையில் ரப்பர் கையுறை இருந்தது. அதைக் கழற்றாமலேயே டாக்சி பிடித்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறேன். நான் அழவில்லை. படகில் போய் அஸ்தியைக் கடலில் கரைத்தபோதும் அழவில்லை. பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "நீ தண்ணி ஆராய்ச்சிதானேம்மா பண்ற, பைப் தண்ணிய அப்படியே குடிக்கலாமா?" என்று கேட்டார். தாராளமாகக் குடிக்கலாம் என்று தெளிவாக விளக்கினேன். என் தைரியத்தைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, நான் முழுவதும் அப்படி இருந்தேன்.

அடுத்த வாரமே ஓடைக்குப் போனேன். எப்போதும் இரண்டு பேராகப் போவோம். கூட வருபவள் காத்தோங்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், என்னைவிட நான்கைந்து வயது இளையவள், தண்ணீரின் அமிலத்தன்மையை அளப்பது அவள் பொறுப்பு. அவள் கீழே கருவியோடு நிற்க, நான் மேலே போனேன். முதல் இடத்தில் முழங்காலிட்டேன். பால் விடாத தேநீர் நிறத்தில் தண்ணீர். கையை உள்ளே வைத்தேன். ஒரு இலையைக்கூடப் புரட்டவில்லை. கடிகாரத்தில் அரை மணி நேரம் ஆனதும் எழுந்து அடுத்த நாடாவுக்குப் போனேன். பத்து இடத்திலும் இதே கதை. தாளில் எதையாவது எழுத வேண்டும். கோடு போட்டால் காரணம் எழுத வேண்டும். பத்துப் பூஜ்யம் எழுதினேன்.

அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும். அது பொய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உறைக்கவில்லை.

நான்காவது மாதம் அலுவலகக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். காட்டுக்குள் பராமரிப்பு வண்டிகள் போக ஒரு பாதை வேண்டுமாம். எங்கள் ஓடையில் நண்டு தொடர்ந்து மூன்று மாதங்களாக இல்லாததால் அதன் மேலேயே பாதை போடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்றார். ஓடை இருந்த இடத்தில் குழாய் பதித்து மேலே கற்களைக் கொட்டுவார்கள். திரையில் என் பூஜ்யங்கள், முப்பதும், அழகான நீல நிறத்தில் வரிசையாக நின்றன. இதைத் தடுக்க ஏழு வருடம் எண்ணியவள் நான்.

மதியம் என்னோடு ஓடைக்கு வருபவளைத் தேக்காவுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தைக்கடையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, அவள் தோசையைப் பிய்க்கத் தொடங்கியதும் சொன்னேன்.

"அந்த மூணு மாசமும் நான் பாக்கவே இல்ல."

"என்ன பாக்கல?"

"நண்ட. கைய தண்ணியில வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

அவள் தோசையைத் தட்டில் வைத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் கீழதானே நின்னேன் அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நான் கவுண்ட் பண்ணியிருப்பேன். இல்லாட்டி கோடு போட்டுட்டு வந்திருக்கலாம்."

"காரணம் என்னன்னு எழுதறது?"

"ஹஸ்பண்ட் தவறிட்டாருன்னு எழுதணும். வேற என்ன?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதுவும் இல்லை. நல்ல வேளை இவளாவது அழுகிறாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சீனர், அதிகம் பேசாதவர். மூன்று தாள்களையும் எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கள் வேலையில் தவறை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, காரணத்தை எழுத வேண்டும். முப்பது பூஜ்யங்களை அடித்தேன். முப்பது இடத்திலும் 'பார்க்கவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பதில் அனுப்புவதை ஒரு வாரம் தள்ளிப்போடுவதாகவும், அதற்குள் நானும் அவளும் சேர்ந்து மறுபடி எண்ணி வர வேண்டும் என்றும் சொன்னார். என்னை எச்சரித்து ஒரு கடிதமும் வரும் என்றார். வந்தது. அது நியாயம்தான்.

மறுநாள் ஆங் மோ கியோவில் என் வீட்டுக்குக் கீழே விடிந்ததும் அவள் காரோடு வந்துவிட்டாள். ஓடையில் நான் இலையைப் புரட்ட, அவள் பக்கத்தில் முழங்காலிட்டு எழுதினாள். முதல் இரண்டு இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது இடத்தில் ஒரு இலையடியில் பழுப்பாக ஏதோ நகர்ந்தது. அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று. அந்த நான்கு நண்டுகள் போதுமானவையாக இருந்தன. அந்தக் கணக்கை வைத்துத்தான் பிறகு பாதையை ஓடையின் தலைப்பக்கத்துக்குத் தள்ளினார்கள். கீழ்ப்பாதி பிழைத்தது.

ஆனால் ஆறாவதிலிருந்து மேலே ஒன்றுமே இல்லை. பத்தாவது இடம் ஒரு பெரிய வேருக்கு அடியில் இருக்கும் குழி. ஏழு வருடமும் அதிகமாக நண்டு கிடைத்த இடம் அதுதான். அங்கே அரை மணி நேரம் முடிந்த பிறகும் நான் எழவில்லை. வேருக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் தடவினேன். எப்போது போயின? முதல் மாதம் நான் இங்கே சும்மா உட்கார்ந்திருந்தபோது என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தனவா? அப்போது பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதங்களுக்கு என்னிடம் இருப்பது வெறும் கோடு.

"அக்கா, இன்னொரு அரை மணி நேரம் பாக்கலாமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம். நல்லா பாத்தாச்சு," என்றேன். "இல்ல. எழுதிக்கோ."

அவள் பூஜ்யம் எழுதினாள். சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை என்னிடம் நீட்டினாள். பென்சிலை வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். என் கணவர் போய் நான்கு மாதமாகிறது, இனி வர மாட்டார் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. சேற்றிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.