ரப்பர் படகும் கதம்பை நாற்றமும்

யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தில் கழித்துவிட்ட ரப்பர் படகு ஒன்றை வாங்கினேன். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் மூன்று பேர் உட்காரலாம். விடுமுறைகளில் மனைவியையும் ஐந்து வயது மகளையும் தேங்காய்ப்பட்டணம் காயலில் ஏற்றிச் செல்வதில் எனக்குப் பெருமை தாங்காது.

அன்று, கயிறு திரிப்பதற்காகத் தேங்காய்க் கதம்பைகளை நீரில் அழுகவிடும் பக்கமாகப் போனோம். நாற்றம் தாங்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். மார்பளவு நீரில் கதம்பை அள்ளிக்கொண்டிருந்த ஒருத்தி கத்தினாள்.

"சாரே, இங்கோட்டு வராதீங்க! வெள்ளத்துக்கு அடியில கம்பு நாட்டியிருக்கு!"

"அவங்க சொல்லுகதக் கேளுங்க" என்றாள் மனைவி.

நான் மூக்கைக் கட்டியது பிடிக்காமல் விரட்டுகிறாள் என்று நினைத்து, இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டேன்.

கம்பு கிழித்துப் படகு கவிழ்ந்தது. மனைவி ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டாள். என் கால்கள் சேற்றில் புதைந்தன. மகளைக் காணவில்லை. நான் அலறி முடிப்பதற்குள் அந்தப் பெண் முங்கி அவளை எடுத்துத் தோளில் போட்டிருந்தாள்.

"பேடிக்காத மக்கா, மாமி இருக்கேன்லா" என்று பயந்து அழுதவளைத் தட்டிக்கொடுத்தாள்.

கரைக்கு வந்தும் மகள் இறங்கவில்லை. நான் மூக்கைக் கட்டிக்கொண்ட அதே நாற்றத்தில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். நான் கைகூப்பினேன்.

"படகுக்கு ஒட்டுப் போட்டுக் கொண்டு வாங்க சாரே. கம்பு இருக்க இடத்த நான் காட்டித் தாறேன்."

அடுத்த முறை மகளை மடியில் வைத்துப் படகின் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னவள் அவள்தான்.

இன்றும் எங்காவது கதம்பை நாற்றம் அடித்தால் மூச்சை நன்றாக உள்ளிழுக்கிறேன். என் பிள்ளை உயிரோடு கரையேறியபோது அவள் மேல் வீசிய வாசம் அது.