சனிக்கிழமைக் கோழி

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் நர்ஸ் எழிலரசியின் வேலை. ஊசி போடுவதும் புண்ணைத் துடைப்பதும் அவள் படித்து வந்தது. யார் முதலில் பால் ஊற்றுவார்கள், எந்த வீட்டில் சாவு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்பதெல்லாம் வாசற்படி ஏறி இறங்கித் தெரிந்துகொண்டது.

அன்று வெள்ளிக்கிழமை மாலை. ஆதிகேசவன் வீட்டு முன்னால் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் ஆயுசு முழுக்க உழைத்த மனிதர், நுரையீரலில் புற்று. "ஆஸ்பத்திரி வேணாம், என் கட்டில்லதான் என் சாவு" என்று எழிலரசியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"இன்னா தம்பி இது?" என்று மகன் ராஜேஷைக் கேட்டாள்.

"நாளைக்கு சனிக்கிழமை சிஸ்டர். நைனா நாளைக்குப் போனா, கூட ஒருத்தர இட்டுக்குனு போய்டுவாரு. சௌந்தர்யா மாசமா இருக்கா. மிஷின் வெச்சு ஞாயித்துக்கிழம வரைக்கும் ஓட்டிட்டா போதும்."

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று முன்பு ஒரு வீட்டில் சொல்லிவிட்டாள். மறுவாரம் அந்த வீட்டில் கதவே திறக்கவில்லை. அதனால் நிதானமாகக் கேட்டாள்: "அதுக்குத்தான பாடையில கோழி கட்றது? வாங்கிட்டியா?"

ராஜேஷ் திருதிருவென விழித்தான்.

"காலையிலேந்து நானும் அதயேதான் சொல்றேன் சிஸ்டர்," உள்ளேயிருந்து அவன் மனைவி சௌந்தர்யா குரல் கொடுத்தாள். "ஷூ கம்பெனில நூறு பேர மேய்க்கிறாரு, ஒரு கோழி வாங்கத் துப்பில்ல!"

ஆம்புலன்ஸ் டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

ஆபித் பாஷா கடையிலிருந்து வந்த நாட்டுக்கோழி, மறுநாள் முழுக்கக் கட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தித் தீர்த்தது. ஆதிகேசவன் கண் திறக்கவில்லை. எழிலரசி இரண்டு முறை வந்து வலிக்கு மருந்து கொடுத்துப் போனாள்.

ஞாயிறு காலை அவள் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது விழித்துக்கொண்டார்.

"இன்னா சத்தம் அது?"

ராஜேஷ் கோழியை வாசல்பக்கம் விரட்டினான். எழிலரசி மறைக்கவில்லை. "நேத்து சனிக்கிழமை ஐயா. உங்க துணைக்கு வாங்கினது."

அவருக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பானது. "எனக்கா துணை? நான் தனியாவே போய்க்கிறேன். அத அடிச்சி கொழம்பு வைங்கடா. ஈரல் புள்ளத்தாச்சிக்கு."

மதியம் சௌந்தர்யா சாற்றை மட்டும் ஸ்பூனில் ஊட்டினாள்.

"உப்பு கம்மி."

"படுத்துக்குனும் நாக்கு அடங்குதா பாரு மாமாவுக்கு!"

புதன்கிழமை விடிந்து வெயில் ஏறும் நேரம், ராஜேஷ் பால் ஊற்ற, அவர் தன் கட்டிலிலேயே அடங்கினார். எழிலரசி கண்களை மூடிவிட்டு, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டினாள்.

ராஜேஷ் பதற்றமாய்க் கேட்டான்: "புதன்கிழமைக்கு ஏதாவது செய்யணுமா சிஸ்டர்?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. நீ அழு."